பேட்டரி கேட்டேன், மேடை ஏறினேன்

இனி இந்த வீட்டில் மின்வெட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நான் சபதம் செய்தபோது என் தலை நிறைய ஷாம்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. நடுப்பகல். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஷவர் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது. எங்கள் வீட்டில் மோட்டார் ஓடினால்தான் ஷவரில் தண்ணீர் வரும். கரண்ட் இருந்தால்தான் மோட்டார் ஓடும். கண்ணைத் திறந்தால் எரிச்சல், மூடினால் இருட்டு. இந்த நிலைமையில் ஒருவன் எடுக்கும் சபதம் எவ்வளவு உறுதியாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"ஏங்க, கரண்ட் போச்சு!" என்றாள் என் மனைவி, கதவுக்கு வெளியே நின்று.

"தெரியுது!"

"எப்படித் தெரியுது? உள்ளே லைட்டே போடலையே?"

"கண்ணு எரியுதே!"

"கரண்ட் போனா கண்ணு ஏன் எரியணும்?"

என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியை. கேள்வி கேட்டால் முழு வாக்கியத்தில் விடை வரும்வரை விடமாட்டாள். நான் நுரையோடு விளக்கம் சொன்னேன். அவள் ஒரு சொம்பு குடிதண்ணீர் கொண்டுவந்து கதவிடுக்கில் நீட்டினாள். அந்த ஒரு சொம்பில் தலையை அலசுவதா, மானத்தை அலசுவதா என்று தெரியாமல் இரண்டையும் அரைகுறையாக அலசிக்கொண்டு வெளியே வந்தேன்.

இதில் வேதனை என்னவென்றால், எங்கள் மொட்டைமாடியில் சோலார் தகடுகள் இருக்கின்றன. போன வருஷம் போட்டோம். அந்த வெயிலில் அவை ஒரு கல்யாண மண்டபத்துக்கே விளக்குப் போடலாம். பிறகு ஏன் கரண்ட் இல்லை? எனக்கும் அதே சந்தேகம்தான். தெருக் கம்பியில் கரண்ட் நின்றால், மாடியில் இருப்பதும் தானாகவே நின்றுவிடுமாம். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. கல்யாணமான ஆண்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. நம்மிடம் எவ்வளவு பவர் இருந்தாலும், மெயின் லைன் சரி என்று சொன்னால்தான் வேலை நடக்கும்.

துண்டோடு பின்கட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பல் டாக்டர். மதில்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சார், காதுல நுரை?"

"கரண்ட் போச்சு."

"அப்படியா? எங்க வீட்ல போகலையே!" என்று வாய் நிறையச் சிரித்தார். முப்பத்திரண்டும் தெரிந்தன. தொழில் விளம்பரம். "பேட்டரி வச்சுட்டோம் சார். பகல்ல சோலார் அதுல ரொம்பிடும், ராத்திரி எடுத்துக்கலாம். தெருவுல கரண்ட் போனாக்கூட எங்களுக்குத் தெரியாது. இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது."

"ஓகோ."

"தலைக்கு மேல சூரியனையே வச்சுக்கிட்டு இப்படிப் புழுங்குறீங்களே சார். ஐஸ் தண்ணி ஏதாச்சும் தரட்டுமா?"

பல்லைப் பிடுங்கும்போதாவது மரத்துப்போக ஊசி போடுவார். இதற்கு அதுவும் போடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலிலிருந்து கரண்ட் எடுக்க முடிந்திருந்தால் தெரு முழுவதற்கும் விளக்கு எரிந்திருக்கும்.

உங்களிடம் மறைப்பானேன். எனக்குப் பேட்டரி மேல் வந்த ஆசைக்கு ஷாம்பு பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, ஏசி. எங்கள் படுக்கையறை ஏசியின் ரிமோட் என் மனைவியின் தலையணைக்கு அடியில் குடியிருக்கிறது. படுக்கும்போது போடுவாள். ஒரு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும்படி வைத்துவிடுவாள். கேட்டால், "பில் ஏறும்." நான் கனவில் பனிமலை ஏறிக்கொண்டிருப்பேன். பாதி மலையில் வியர்த்துக் கொட்டும். மலையின் உச்சி எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேட்டரி வந்துவிட்டால் ராத்திரிக்கும் சொந்தக் கரண்ட். சொந்தக் கரண்டுக்கு யார் பில் போடுவது? விடிய விடியப் போர்வைக்குள் நடுங்கலாம். உலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சியம். எனக்கு நடுங்க வேண்டும்.

ஒரே ஒரு தடைதான். கையில் இருந்த பணம் வேறொன்றுக்கு என்று பேசி வைத்த பணம். சமையல் மேடைக்கு.

இந்த வீட்டை நாங்கள் கட்டவில்லை, கட்டியதை வாங்கினோம். முன்னால் இங்கே இருந்த அம்மாள் ரொம்பக் குள்ளம். அடுப்பு வைக்கும் மேடையைத் தன் இடுப்புக்குத் தோதாகக் கட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி நல்ல உயரம். காய் நறுக்கினாலும் பாத்திரம் கழுவினாலும் கேள்விக்குறி மாதிரி வளைந்துதான் நிற்க வேண்டும். நான் அவளைவிட அரை அடி உயரம். ஆனால் என் உயரத்துக்கும் சமையல் மேடைக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு வருஷமும் அவள், "மேடையைக் கொஞ்சம் உசத்திக் கட்டணுங்க" என்பாள். நான், "அடுத்த வருஷம்" என்பேன். இந்த வருஷம் ஒருவழியாக அந்த அடுத்த வருஷம் வந்து, கொத்தனாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம், அவள் விடைத்தாள் திருத்தி முடித்த நேரமாகப் பார்த்துத் தொண்டையைச் செருமினேன்.

"இங்க பாரு, நாம எப்பவும் தொலைநோக்கோட சிந்திக்கணும்."

"என்ன வேணும்?"

"பேட்டரி."

"கடிகாரத்துக்கா?"

"வீட்டுக்கு! மாடியில ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் உண்டாகுது? பகல்ல வீட்ல யாரும் இல்ல..."

"நீங்க இருக்கீங்களே."

"நான் இருக்கேன், ஆனா கரண்ட் செலவு பண்றதில்ல. அத்தனையும் மின்வாரியத்துக்குப் போகுது. அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கிறான். ராத்திரி அதே கரண்ட்டை நமக்கே யானை விலைக்கு விக்கிறான். பேட்டரி இருந்தா நம்ம கரண்ட்டு நம்ம வீட்லயே இருக்கும். அவ்வளவும் சேமிப்பு!"

"எவ்வளவு ஆகும்?"

சொன்னேன். கொஞ்சம் இருமலோடு சேர்த்துச் சொன்னேன். இருமலைக் கழித்து அவள் சரியாகவே புரிந்துகொண்டாள்.

"அது மேடைக்கு வச்ச காசாச்சே."

"மேடைக்கு என்ன அவசரம்? அது எங்கயாவது ஓடியா போயிடும்?"

"நானும் ஓட மாட்டேன்" என்றாள். "முதுகு இப்படி இருந்தா எங்க ஓடறது?"

எனக்கு ஒரு நிமிஷம் சங்கடமாகத்தான் இருந்தது. அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். சண்டை வரும் என்று நான் நாலைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ பேனாவை மூடினாள்.

"சரி, ஆளை வரச் சொல்லுங்க. கேட்டுப் பாப்போம்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே சரி சொன்னதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் முந்திக்கொண்டது.

பேட்டரிக்காரர் அடுத்த சனிக்கிழமை வந்தார். இளைஞர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வழவழவென்று ஒரு விளம்பரத் தாள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தார்.

"சேமிப்புதான் மேடம் முக்கியம். எங்க பேட்டரியோட தாரக மந்திரமே சேமிப்புதான்."

"எந்தச் சேமிப்பு?" என்றாள் இவள்.

"மேடம்?"

"கரண்ட்டைச் சேமிக்கிறதா, காசைச் சேமிக்கிறதா?"

இளைஞர் விளம்பரத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்திலும் விடை இல்லை.

"கரண்ட்டைச் சேமிச்சா காசும் சேமிச்ச மாதிரிதானே மேடம்."

"மாதிரியா, சேமிச்சதா?"

"சேமிச்சது மேடம்."

"போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பி வரும்?"

"ஒரு... பத்து வருஷம். மேகத்தைப் பொறுத்துப் பதினொண்ணு."

"பேட்டரிக்கு வாரண்டி?"

"பத்து வருஷம் மேடம்!" என்று குஷியாகச் சொன்னவர், சொன்ன பிறகுதான் தன் வாயைக் கவனித்தார்.

"அதாவது, காசு வீட்டுக்குத் திரும்பி வர்ற நேரத்துல பேட்டரி வீட்டை விட்டுக் கிளம்பும்."

"அப்படிச் சொல்ல முடியாது மேடம். அதுக்கப்புறமும் ஓடும். கொஞ்சம் வயசான மாதிரி ஓடும். இன்னொண்ணு, கரண்ட் போற நேரத்துல கிடைக்கிற மன நிம்மதி. அதுக்கு விலை போட முடியுமா?"

"எங்க வீட்ல கரண்ட் இருக்கறப்பவே அது கிடையாதுப்பா" என்று என்னைப் பார்த்தாள்.

நான் குறுக்கே புகுந்தேன். பேரம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. "தம்பி, பேட்டரி ராத்திரிக்கு எவ்வளவு நேரம் நிக்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"அது நீங்க என்ன ஓட்டறீங்கங்கறதைப் பொறுத்தது சார். சமையல், துணி துவைக்கிறது, அயர்ன், மோட்டார் இதெல்லாம் சாயங்காலம் பண்ணீங்கன்னா சீக்கிரம் தீர்ந்துடும். பெரிய வேலையெல்லாம் வெயில் நேரத்துலயே முடிச்சுட்டீங்கன்னா, ராத்திரி முழுசா ஏசிக்கே நிக்கும்."

"கேட்டியா! முழுசா ஏசிக்கே!" என்று கத்திவிட்டேன்.

"ஓ" என்றாள் இவள். "ஏசிக்கா."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. நான் அசடு வழிந்தேன். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் நல்ல உதாரணம் கிடைத்த ஆசிரியையின் முகமாக இருந்தது.

"ஒரு மாசம் ஒத்திகை பாத்துடலாமே" என்றாள். "பேட்டரி வந்துட்டதா நினைச்சுக்குவோம். பெரிய வேலையெல்லாம் வெயில்லயே முடிப்போம். தம்பி அடுத்த மாசம் வந்து, மாடியில என்ன மிச்சமாகுதுன்னு பாத்துச் சொல்லட்டும். நல்லா மிச்சமாச்சுன்னா மேடை வேணாம், பேட்டரியே வாங்கிக்குவோம்."

"இது நியாயம்!" என்றேன். "மேடையை நானே வேணாம்னு சொல்லல, பாத்துக்க. ஒத்திகை முடிவு பண்ணட்டும்."

"ஆனா நான் ஸ்கூலுக்குப் போயிடுவேன். வெயில் நேரத்துல வீட்ல இருக்கறது..."

"நான் இருக்கேன்!" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வாஷிங் மெஷின், அயர்ன்பாக்ஸ், கரண்ட் அடுப்பு எல்லாம் செய்கிற கம்பெனிக்கு நான் உபயோகக் கையேடு எழுதுகிறேன். 'பயன்படுத்துமுன் இக்கையேட்டை முழுமையாகப் படிக்கவும்' என்பது என் வாக்கியம். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், தெரியும். வாரத்தில் ஒரு நாள் ஆபீஸ், மற்ற நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்து எழுதுவேன். இயந்திரங்களை ஊருக்கெல்லாம் அறிமுகம் செய்து வைப்பேனே தவிர, எனக்கு அவற்றோடு நேரடிப் பழக்கம் கிடையாது.

திங்கட்கிழமை காலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இவள்தான் கால அட்டவணை போடுகிறவள். எந்த ஆசிரியர் எந்த வகுப்பில் எப்போது என்று மோதாமல் அடுக்கிவிடுவாள். அவள் அட்டவணையில் ஓட்டையே இருக்காது. இருந்தால் அதில் ஓர் ஆசிரியரைப் போட்டு அடைத்துவிடுவாள். எங்கள் வீட்டு அட்டவணையில் முதல் பீரியட் துணி துவைத்தல், அடுத்தது அயர்ன், அதற்கடுத்தது கரண்ட் அடுப்பில் சமையல், பிறகு மோட்டார் போட்டுத் தரைத்தொட்டி நிரப்புதல், மறுபடியும் சமையல். எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஆசிரியர்.

"எனக்கு ஃப்ரீ பீரியட் எங்க?" என்று கேட்டேன்.

"மேகம் வந்தா ஃப்ரீ" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்று மேகம் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. சோலார் போட்ட மனிதர்களில் வானத்தைப் பார்த்து மேகத்துக்காக ஏங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் துணி துவைத்ததில் என் சாயம் வெளுத்தது என்று சொல்ல முடியாது. அவளுடைய சிவப்புப் புடவையின் சாயம்தான் வெளுத்தது. அத்தனையும் என் வெள்ளைச் சட்டைகளில் ஏறிக்கொண்டது. எட்டுச் சட்டையும் ரோஸ் நிறத்தில் கொடியில் தொங்கின.

"வெள்ளையைத் தனியாப் போடணும்னு கையேட்டுல இருக்குமே" என்றாள் சாயங்காலம்.

"இருக்கு. நான்தான் எழுதினேன்."

"படிக்கலையா?"

"அதையெல்லாம் யார் படிக்கிறாங்க?"

இஸ்திரி பீரியடில் ஒரு ரோஸ் சட்டையைக் கருப்பாக்கினேன். போகட்டும். உண்மையான சோதனை சமையலில்தான் வந்தது. நான் யாருக்கும் வளைந்து கொடுக்காதவன். ஆபீஸில் மானேஜர் காற்புள்ளியை எடுக்கச் சொன்னால்கூட எடுக்க மாட்டேன். அப்படிப்பட்டவனை அந்த மேடை முதல் நாளே வளைத்துவிட்டது. அவளே கேள்விக்குறி என்றால், அவளைவிட அரை அடி உயரமான நான் என்ன குறி என்று இலக்கணத்தில் இல்லை. வெங்காயம் நறுக்கினால் மூக்கு வெங்காயத்தில் இடித்தது. பருப்புக் கொதிக்கிறதா என்று பார்க்கக் குனிந்தால் நிமிர்வதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மிளகாய் அரைக்கும்போது ஒரு கணம் நின்று யோசித்தேன். மிக்ஸியில்தான் அரைபடுகிறதா, இல்லை என் தலையிலா?

ஆனால் ஒரு விஷயம். சாயங்காலம் அவள் வந்து தட்டைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடுவாள்.

"உங்க கைக்கு எப்படிங்க இந்த ருசி வந்தது?"

"சும்மா சொல்லாத."

"நிஜமாங்க. நேத்து நீங்க செஞ்சதுல மிச்சத்தை டப்பாவுல கொண்டுபோனேன். மத்தியானம் டீச்சருங்க எல்லாம் அதைத்தான் சுத்தி உக்காந்திருந்தாங்க. 'உங்க வீட்டுக்காரரா செஞ்சது, நம்பவே முடியல'ன்னு தமிழ் டீச்சர் சொன்னாங்க."

நான் எழுதிய கையேடுகளைப் படித்து ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை. மறுநாள் காயைக் கொஞ்சம் பொடியாக நறுக்கினேன். அதற்கு மறுநாள் இன்னும் பொடியாக. தமிழ் டீச்சருக்குக் காரம் எப்படி என்று கேட்டு வரச் சொன்னேன்.

இரண்டாவது வாரம் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மதில்மேல் பல் டாக்டர் முளைத்தார்.

"என்ன சார், எதையோ தொலைச்ச மாதிரி தரையையே பாத்துக்கிட்டு நடக்கறீங்க?"

"நிமிர முடியல."

"ரோஸ் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு."

நான் பேச்சை மாற்றினேன். "அது இருக்கட்டும் டாக்டர், உங்க பேட்டரி எப்படி? ராத்திரி விடிய விடிய ஏசிதானே?"

அவர் பின்னால் திரும்பித் தன் சமையலறை ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"எங்க சார்? முன்னாடி பில் ஏறும்னு அணைப்பா. இப்ப பேட்டரி இறங்கும்னு அணைக்கிறா."

"ரிமோட்?"

"தலகாணிக்கு அடியிலதான்."

முதல் தடவையாக அவர் பல் தெரியாமல் இருந்தார். எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது.

அன்றைக்குச் சமையலறையில் குனிந்து நின்றபோது ஒன்று தோன்றியது. இவள் இத்தனை வருஷமாக விடிவதற்கு முன்னால் ஒரு தடவையும் பள்ளியிலிருந்து வந்த களைப்போடு ஒரு தடவையும் இப்படித்தானே வளைந்து நின்றிருக்கிறாள். நான் அடுத்த அறையில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு 'அடுத்த வருஷம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. உண்மையாகவே இருந்தது. வெட்கத்தில் தலை குனியலாம் என்று பார்த்தால் ஏற்கெனவே குனிந்துதான் இருந்தது.

மாதம் முடிந்து பேட்டரிக்காரர் வந்தார். மாடிக்குப் போனார், மீட்டர் பெட்டியைத் திறந்தார், செல்போனில் எதையோ மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இறங்கி வரும்போது முகம் சரியில்லை.

"சார், பகல்ல வந்த கரண்ட்டெல்லாம் பகல்லயே செலவாகியிருக்கு. மிச்சமே இல்ல."

"அது எப்படி மிச்சம் இருக்கும்?" என்றேன். "பெரிய வேலையெல்லாம் வெயில்லயே முடிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"மிச்சம் இருந்தாத்தானே சார் பேட்டரியில ரொப்ப முடியும்? காலிப் பேட்டரியை வச்சு என்ன பண்றது?"

நான் இவளைப் பார்த்தேன். இவள் ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஆடும் ரோஸ் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு ராத்திரிக்கு மிச்சம் எங்கிருந்து வரும்? இது அந்த மாதம் முழுவதும் என் மண்டையில் உறைக்கவே இல்லை. கையேடு எழுதுகிறவன்!

"அது மட்டுமில்ல சார். ராத்திரியிலயும் செலவே காணோமே. ஏசியே ஓடல போலிருக்கே?"

"அவர் எட்டரைக்கே தூங்கிடறாரு தம்பி" என்றாள் இவள். "ஏசி போடறதுக்குள்ள குறட்டை வந்துடுது."

அது உண்மை. நான் அந்த மாதம் பனிமலைப் பக்கமே போகவில்லை. மலை ஏறத் தெம்பு ஏது?

இளைஞர் விளம்பரத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "உங்க வீட்டுக்குப் பேட்டரி தேவையில்ல மேடம். வீட்டுக்கு ஒருத்தர் சார் மாதிரி இருந்தா எங்க கம்பெனியையே மூடிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"சரி, திடீர்னு கரண்ட் போனா?" என்று கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"குளியலறையில ஒரு வாளி தண்ணி ரொப்பி வைங்க" என்றாள்.

அவ்வளவுதான். பேட்டரிப் பேச்சு அன்றோடு முடிந்தது. ஆனால் நான் அப்படியே விட்டுக்கொடுத்துவிடுகிற ஆளில்லை. தோற்கும்போதும் ஏதாவது ஒன்றைப் பெற்றுக்கொண்டுதான் தோற்பேன். சாப்பிட்டு முடித்ததும் பெருந்தன்மையாகத் தொண்டையைச் செருமினேன்.

"நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். பேட்டரி வேணாம். அந்தக் காசுல மேடையை உசத்திக் கட்டிடுவோம். உன் முதுகுதான் எனக்கு முக்கியம்."

"என் முதுகா?"

"சரி, பொதுவா முதுகு."

"நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் நான் கட்டாயப்படுத்தினேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். ஆனா ஒரு நிபந்தனை. பில்லு குறைஞ்சிருக்கில்ல? இனிமே ஏசி ரிமோட் என்கிட்ட. நான் எவ்வளவு நேரம் வேணும்னாலும் போட்டுக்குவேன். நீ கேக்கக் கூடாது."

அவள் எழுந்து உள்ளே போனாள். ரிமோட்டைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு மார்பு விம்மியது. இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாகப் பவர் கைமாறியிருக்கிறது! அன்றிரவு ரிமோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் எழுந்தபோதும் அது நெஞ்சிலேயேதான் இருந்தது. பொத்தானை அழுத்தினேனா என்பதுதான் ஞாபகம் இல்லை.

அவள் பள்ளிக்குப் போன கொஞ்ச நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. கொத்தனார். தோளில் மட்டப்பலகை, கையில் டேப். வாசலில் ஒரு வண்டியில் கருங்கல் பலகை வந்து இறங்கியிருந்தது.

"நேத்து ராத்திரிதானே முடிவு பண்ணோம். அதுக்குள்ள கல்லே வந்துடுச்சா?" என்றேன்.

"இது அறுத்து மூணு வாரமாச்சு சார். எப்ப வரலாம்னு மேடம் போனுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். நேத்து ராத்திரி சொன்னாங்க."

எனக்கு லேசாக எங்கேயோ இடித்தது. இருந்தாலும் வீட்டு யஜமானன் என்ற முறையில் சமையலறைக்கு அழைத்துப் போனேன். அவர் பழைய மேடையைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நிமிந்து நில்லுங்க சார். முழங்கையை மடக்குங்க. காய் நறுக்கற மாதிரி."

என்னையறியாமல் கை தானாகக் காய் நறுக்கியது. டேப்பைத் தரையில் ஊன்றி என் முழங்கைவரை இழுத்தார்.

"ஏம்ப்பா, என்னை ஏன் அளக்கறே? இது மேடத்துக்காகக் கட்டற மேடை. சாயங்காலம் வா, அவங்க இருப்பாங்க."

கொத்தனார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு கோடு போட்டார்.

"மேடம் அன்னைக்கே சொல்லிட்டாங்களே சார், பேட்டரிக்காரர் முதல்ல வந்துட்டுப் போன அன்னைக்கு. 'மேடையை அவர் உசரத்துக்கே கட்டிடுங்க, இனிமே நிக்கப்போறது அவர்தான்'னு."